சூரியகாந்தியும் கணக்கு நோட்டும்

தமிழ்நாட்டில் நவீன ஓவியத்துக்கு ஏன் பார்வையாளன் இல்லை என்ற கேள்வியைச் சிறுபத்திரிகைகளில் நாம் அரை நூற்றாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில்களும் நிறையவே சொல்லியாகிவிட்டது. சினிமா காரணம், வாரப் பத்திரிகைப் படங்கள் காரணம், அரசியல் மேடை காரணம், கல்வித்துறைப் பண்டிதர்கள் காரணம். எல்லாமே ஓரளவு உண்மைதான். ஆனால் இந்தப் பதில்கள் ஏற்கெனவே வளர்ந்துவிட்ட மனிதனைப் பற்றியவை. அவனுடைய கண் எந்த வயதில், எந்த இடத்தில், எந்த முறையில் மூடப்பட்டது என்று யாரும் தீவிரமாக விசாரித்ததாக எனக்குத் தெரியவில்லை. விசாரித்தால் ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். அது நமக்குக் கௌரவமான விஷயமாகப் படுவதில்லை. க்ளேயைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறவர் மூன்றாம் வகுப்பு ட்ராயிங் நோட்டைப் பற்றி ஒரு பாரா எழுதமாட்டார். க்ளே எழுதியிருப்பார். அந்த வேடிக்கையைப் பிறகு சொல்கிறேன்.

என் ஊர் கீழ்பென்னாத்தூர். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் இருக்கிறது. மேற்கே திரும்பினால் மலை தெரியும். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை. இந்தச் சாலையையொட்டி முளைத்திருக்கும் பள்ளிக்கூடங்களில் ஒன்றில், மூன்றாம் வகுப்பு அறைக்குள் போக எனக்குச் சமீபத்தில் ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. ஒரு சுவர் முழுக்க வான்கோவின் சூரியகாந்திப் பூக்கள். முப்பத்திரண்டு தாள்கள். முப்பத்திரண்டிலும் ஒரே ஜாடி, ஒரே எண்ணிக்கையில் பூக்கள், கோட்டுக்கு வெளியே வழியாத ஒரே மஞ்சள். பெயர்கள் மட்டும் வேறு வேறு. அச்சடித்த வெளிக்கோட்டுத் தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். மேலே ‘உலகப் புகழ்பெற்ற ஓவியர்கள்’ என்று கத்தரித்து ஒட்டிய எழுத்துக்கள். அடுத்த மாதம் மோனே, அதற்கடுத்த மாதம் பிக்காஸோ என்றார் வகுப்பாசிரியை. அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் உண்மையானது. வாங்குகிற சம்பளத்துக்கு அவர் செய்யவேண்டிய வேலையில் இது சேராது. தன் ஆசையில் செய்கிறார்.

ஆகவே இதைக் கேலி செய்து எழுதிவிட்டுப் போவதில் எனக்கு விருப்பமில்லை. கேலி சுலபம். அந்தச் சுவருக்குப் பின்னால் நூற்றெழுபது வருஷச் சரித்திரம் இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக் குழந்தையின் முன் ‘பெரிய ஓவியன்’ எப்போது, எதற்காக, எந்த உருவத்தில் வந்து நின்றான் என்பதுதான் அந்தச் சரித்திரம். அதைத் தெரிந்துகொண்டால் ஒழிய அந்த முப்பத்திரண்டு தாள்களில் என்ன கோளாறு என்பதைச் சரியாகச் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்னையில் ஓவியப் பள்ளியை 1850இல் ஆரம்பித்தவர் அலெக்ஸாண்டர் ஹன்டர் என்ற ராணுவ மருத்துவர். 1855இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. அதே ஐம்பதுகளில் லண்டனில் ஹென்றி கோல் என்பவரும் சகாக்களும் சௌத் கென்ஸிங்டன் முறை என்ற ஒன்றை வகுத்தார்கள். ஓவியப் பயிற்சியை 23 படிகளாகப் பிரித்த ஒரு பாடத்திட்டம். முதல் படியில் நேர்கோடு. பிறகு தட்டையான மாதிரிப் படத்தைப் பார்த்து வெளிக்கோடு. பிறகு சுண்ண வார்ப்புச் சிற்பங்கள், கிரேக்க மூக்கு, ரோமானியத் தூணின் இலை வேலைப்பாடு. கை தவறக்கூடாது. கண், முன்னால் வைத்த மாதிரியை விட்டு நகரக்கூடாது. இதன் நோக்கத்தில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. தொழிற்சாலைகளுக்கு நல்ல கைகள் வேண்டியிருந்தன. சாம்ராஜ்யம் போன இடமெல்லாம் இந்த முறையும் போயிற்று. பம்பாய், கல்கத்தா, சென்னை எல்லா இடத்திலும் அதே வார்ப்புகள், அதே தூசி. சென்னையில் 1884இல் பொறுப்பேற்று, பின்னால் கல்கத்தாவுக்குப் போன ஈ. பி. ஹாவெல்தான் இதை எதிர்த்து இந்திய மரபைப் பாடமாக்க வேண்டும் என்று சண்டை போட்டவர். அவர் சண்டை கலைப் பள்ளிகளுக்குள் நடந்தது. கிராமத்துப் பள்ளிக்கூடம் அதைக் கேள்விப்படவே இல்லை.

கிராமத்துக்கு வந்து சேர்ந்தது பரீட்சை. ட்ராயிங் லோயர், ஹையர் என்று இன்றும் சொல்கிறோமே, அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வு, அது சௌத் கென்ஸிங்டனின் பேரப்பிள்ளை. அதில் தேறியவர் உயர்நிலைப் பள்ளியில் ட்ராயிங் மாஸ்டர் ஆனார். வாரம் ஒரு பீரியட். கூஜா, மாம்பழம், குடை. ஆரம்பப் பள்ளிக்கு அவரும் கிடையாது. அங்கே ஒரே வாத்தியார் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, கரும்பலகையில் ஒரு கிளியும் போட்டுக் காட்டுவார். அந்தக் கிளியைப் போலவே போடுகிறவன் கெட்டிக்காரன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் நிஜக்கிளி உட்கார்ந்திருந்தாலும் அதைப் பார்க்கிறவன் பராக்குப் பார்க்கிறவன். நானும் அப்படிப்பட்ட ஒரு வகுப்பில்தான் படித்தேன். வாத்தியார் மேல் எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. அவருக்கும் யாரோ ஒரு கிளியைத்தான் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அந்த வகுப்புக்கு வெளியே ஒரு ஓவியன் இருந்தான். அவன் பெயர் எங்களுக்குத் தெரியாது. மளிகைக்கடைக் காலண்டரில் லக்ஷ்மியாகவும் சரஸ்வதியாகவும் முருகனாகவும் அவன் எங்கள் வீடுகளில் தொங்கினான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து பெருகிய வண்ணப்படங்கள் ஒரு மரபு. தெற்கே அதைத் தனக்கென்று ஒரு உருவத்துக்குக் கொண்டுவந்தவர் சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். பிறகு உலகம் வேண்டாமென்று திருவண்ணாமலைக்கு வந்து ரமணாச்ரமத்தில் இருந்தவர். அங்கிருந்து போய் நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதி, கடைசியில் கோவில்பட்டியில் தங்கி, சிவகாசி அச்சு இயந்திரங்கள் வழியாகத் தமிழ்நாட்டுச் சுவர் முழுவதையும் நிரப்பியவர். 1976இல் இறந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பையன் ஒருவன் காலண்டர் சரஸ்வதியின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, நோட்டிலும் அதே எண்ணிக்கையில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக மாற்றி எழுதியபோது, பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் ஒரு காலத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்த ஒரு மனிதரைத்தான் பிரதி செய்துகொண்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ‘புகழ்பெற்ற ஓவியரைப் பின்பற்றி வரைதல்’ என்பதன் முதல் அத்தியாயம் அதுதான். பள்ளிக்கூடம் நடத்தாத அத்தியாயம்.

நம் வட்டத்தில் காலண்டர் படம் என்பது வசைச்சொல். நானும் அப்படிப் பயன்படுத்தியிருக்கிறேன், இனியும் பயன்படுத்துவேன். ஆனால் அந்தக் கட்டம் போட்ட பையனை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கட்டத்துக்குள் வீணையின் வளைவு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று அவன் பார்த்தாக வேண்டும். சேலை மடிப்பு எந்த மூலையைத் தொடுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி, லாந்தர் வெளிச்சத்தில். முடிவு போலிதான். அந்தப் பார்வை போலி இல்லை. மூன்றாம் வகுப்புச் சுவரில் இருந்த சூரியகாந்திக்கு இந்த உழைப்புக்கூடத் தேவைப்படவில்லை. வெளிக்கோடு வந்துவிட்டது. மஞ்சள் என்று சொல்லியாகிவிட்டது. குழந்தை எதையும் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் வேலை முடிந்துவிடுகிறது.

பிரதி செய்வதே பாவம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வான்கோவே பிரதி செய்தவர். 1889இலும் 1890இலும் ஸான் ரேமி மனநோய் விடுதியில் இருந்தபோது, மில்லேயின் படங்களின் கறுப்பு வெள்ளை அச்சுக்களை முன்னால் வைத்துக்கொண்டு இருபதுக்கு மேல் படங்கள் எழுதினார். விதைக்கிறவன், அறுக்கிறவன், மதியத் தூக்கம். அச்சில் நிறம் கிடையாது. நிறம் முழுக்க அவருடையது. இன்னொரு மொழியில் பெயர்ப்பதைப் போல என்று அவரே அதைப் புரிந்துகொண்டிருந்தார். மொழிபெயர்ப்புக்கு மூலத்தைப் படித்தாக வேண்டும். படிக்காமல் மொழிபெயர்ப்பதற்கு நம் பதிப்புலகில் உதாரணங்கள் இருக்கலாம். அந்தச் சுவரில் முப்பத்திரண்டு இருந்தன.

இனி அந்த வேடிக்கையைச் சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஐரோப்பாவில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஸெக் 1897இல் குழந்தைகளுக்கென்று ஒரு ஓவிய வகுப்பு தொடங்கி, அவர்களுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காமல் இருப்பதே தன் வேலை என்றார். பால் க்ளே 1902இல் தன் பெற்றோர் வீட்டில், தான் சிறுவனாக இருந்தபோது வரைந்த படங்களைக் கண்டெடுத்தார். அதுவரை தான் செய்த எல்லாவற்றையும்விட அவை முக்கியமானவை என்று அவருக்குப் பட்டது. 1911இல் தன் படைப்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தபோது அந்தச் சிறுவயதுப் படங்களையும் அதில் சேர்த்து எண் கொடுத்தார். காண்டின்ஸ்கியும் மார்க்கும் 1912இல் வெளியிட்ட ‘நீலக் குதிரைவீரன்’ தொகுப்பில் குழந்தைகளின் படங்களை, பெரிய ஓவியர்களின் படங்களோடு சமமாக அச்சிட்டார்கள். 1917இல் லண்டனில் ரோஜர் ஃப்ரை தன் ஒமேகா பட்டறையில், டட்லி என்ற தொழில் நகரத்துப் பள்ளிச் சிறுமிகளின் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அவர்களுடைய ஆசிரியை மரியன் ரிச்சர்ட்ஸன். குழந்தைகளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு தெருவையோ ஒரு விளக்கையோ வார்த்தையால் வர்ணித்து, மனசுக்குள் தெரிந்ததை வரையச் சொன்னவர்.

ஆக, நவீன ஓவியம் குழந்தையிடம் போய் யாசித்து நின்றிருக்கிறது. இது உணர்ச்சிவசப்பட்ட வாக்கியம் இல்லை, தேதிகளோடு இருக்கிற சம்பவம். குழந்தை எதைச் செய்கிறதோ, அதாவது தெரிந்ததையும் பார்த்ததையும் பயந்ததையும் ஒரே தளத்தில் கூச்சமில்லாமல் வைக்கிறதோ, அதை மீட்டுக்கொள்வதற்கு இந்தப் பெரிய மனிதர்கள் முப்பது நாற்பது வயதில் பாடுபட்டார்கள். நூறு வருஷம் கழித்து அவர்களுடைய படங்களை அச்சடித்த வெளிக்கோடாக்கி, ‘இப்படிப் போடு’ என்று குழந்தையிடமே திருப்பிக் கொடுக்கிறோம். வாங்கிய கடனைத் திருப்பவில்லை. கடன் கொடுத்தவன் தலையிலேயே கடனைக் கட்டுகிறோம்.

நம் தேசத்திலும் இந்த மாற்றம் எட்டிப்பார்க்காமல் இல்லை. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் பௌஹவுஸ் ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. க்ளேயும் காண்டின்ஸ்கியும் அப்போதே அங்கே சுவரில் இருந்தார்கள். அதற்கு முன்பே 1919இல் சாந்திநிகேதனில் கலாபவனம் வந்துவிட்டது. நந்தலால் போஸ் அங்கே செய்த காரியங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய பெரிய சுவரோவியங்களைவிடச் சின்னதான ஒன்று. 1930இல் தாகூர் வங்காளிக் குழந்தைகளுக்காக எழுதிய ‘ஸஹஜ் பாட்’ என்ற அரிச்சுவடிக்கு நந்தலால் லினோகட் படங்கள் செய்தார். கறுப்பும் வெள்ளையுமாக, நாலைந்து வெட்டுகளில் ஒரு மரம், ஒரு படகு. ஒரு தேசத்தின் முதல் வரிசை ஓவியன் அ, ஆ படிக்கிற குழந்தைக்குப் படம் போட்டிருக்கிறான். குழந்தை அதைப் பிரதி செய்ய வேண்டாம். அதன் கூட வாழ்ந்தால் போதும். நம் தமிழ்ப் பாடப்புத்தகங்களின் படங்களை நினைத்துப் பாருங்கள். ஏன் நமக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை என்று கேட்டால், கேள்விக்குப் பதிலாக ஒரு டெண்டர் விதி வரும்.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் வைத்தது. நந்தலாலின் மாணவர் தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமுக்குப் போய், அந்தக் கல்விக்குள் ஓவியத்தைக் கொண்டுவந்தார். குழந்தையின் படத்தைத் திருத்தாதே, முன்மாதிரி கொடுக்காதே, அவன் சூழலிலிருந்து பொருளையும் நிறத்தையும் எடுக்கட்டும் என்பது அவர் நிலை. செம்மண், கரி, இலைச்சாறு. பின்னால் இந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். தமிழ்நாட்டுக்கும் ஆதாரப் பள்ளிகள் வந்தன. ஆனால் என் தலைமுறைக்கு முந்தியவர்களிடம் கேட்டால் அவர்களுக்கு ஞாபகம் இருப்பது தக்ளியும் நூல் சிட்டமும்தான். ஓவியம் வழியிலேயே எங்கோ இறங்கிவிட்டது. நூலை எடை போட முடியும். படத்தை எடை போட முடியாது. இன்ஸ்பெக்டருக்கு எடை போட முடிந்ததுதான் தேவை.

சென்னைக்கு வருவோம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். 1957இல் அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர். 1966இல் பணிக்கரும் மாணவர்களும் சோழமண்டலத்தை அமைத்தார்கள். இந்தச் சரித்திரம் நமக்குத் தெரிந்ததுதான், நம் பத்திரிகைகள் இதைப் பலமுறை எழுதியிருக்கின்றன. ஆனால் அதில் ஒரு தகவலை நாம் போதுமான அளவு யோசிக்கவில்லை. 1963 வாக்கில் பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கியபோது, ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் முதல் தூண்டுதலாக இருந்தது என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். எண்கள், சமன்பாடுகள், கோணங்கள், ஓரத்தில் கிறுக்கல். படிப்பதற்காக எழுதப்பட்ட பக்கம், படிக்காமல் பார்த்தபோது ஓவியமாக இருந்திருக்கிறது. அதிலிருந்து ஜாதகக் கட்டம், யந்திரம், புரியாத லிபி என்று அவர் போனார். சென்னை நவீன ஓவியத்தின் உச்சங்களில் ஒன்று பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிளம்பியிருக்கிறது. க்ளே ஐரோப்பாவில் செய்ததை வேறு விதத்தில் பணிக்கர் இங்கே செய்தார். ஆனால் அந்த நோட்டு திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. இன்றும் எந்த வாத்தியாரும் கணக்கு நோட்டின் ஓரத்தில் கிறுக்கினால் முட்டி போடத்தான் சொல்வார்.

எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். ஏ. பி. சந்தானராஜ் 1932இல் திருவண்ணாமலையில் பிறந்தவர். சென்னைப் பள்ளியில் மாணவர், பிறகு அங்கேயே ஆசிரியர். கோட்டை அவர் விடுகிற விதத்தில் ஒரு முரட்டுத்தனமும் ஒரு நடுக்கமும் சேர்ந்து இருக்கும். 2009இல் மறைந்தார். மலையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் வான்கோவின் பெயர் தெரிந்த ஒன்பது வயதுக் குழந்தை இப்போது கிடைக்கும். சந்தானராஜின் பெயர் தெரிந்த தலைமையாசிரியரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். குற்றம் தலைமையாசிரியருடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். ஆதிமூலத்தையும் பாஸ்கரனையும் அட்டையில் போட்டு நானூறு பிரதி அச்சடித்து நமக்குள் விநியோகித்துக்கொண்டோம். அதற்கு மேல் நமக்கு அக்கறை இருந்ததில்லை.

அப்படியானால் சூரியகாந்தி எங்கிருந்து வந்தது? சௌத் கென்ஸிங்டனிலிருந்து நேராக வரவில்லை. இடையில் அமெரிக்கா இருக்கிறது. குழந்தையைச் சும்மா விடு, அதன் சுயவெளிப்பாடு போதும் என்ற கொள்கை, வியன்னாவிலிருந்து போன விக்டர் லோவென்ஃபெல்ட் மூலம், 1947க்குப் பிறகு அங்கே செல்வாக்குப் பெற்றது. அது முப்பது வருஷத்தில் சோம்பேறித்தனமாகச் சீரழிந்தது. தாளைக் கொடு, வண்ணத்தைக் கொடு, வாத்தியார் வேறு வேலை பார்க்கலாம். இதற்கு எதிர்வினையாக 1982இல் கெட்டி அறக்கட்டளை ஒரு கலைக்கல்வி மையம் அமைத்தது. படைப்பது, கலை வரலாறு, விமர்சனம், அழகியல் என்று நான்கும் குழந்தைக்குச் சேர்த்துத் தரவேண்டும் என்றார்கள். மோசமான கொள்கை என்று சொல்ல முடியாது. ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒரு நல்ல படத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் வகுப்பறைக்குள் இறங்கும்போது நான்கில் மூன்று உதிர்ந்துவிட்டன. வரலாற்றுக்கு நேரமில்லை, விமர்சனத்துக்குப் பயிற்சி இல்லை, அழகியல் என்றால் யாருக்கும் புரியவில்லை. ‘அவரைப் போல ஒன்று செய்வது’ மட்டும் தங்கியது. அது சர்வதேசப் பள்ளிகளின் வழியாகவும், அச்செடுத்துக்கொள்ளத் தயாராகக் கிடைக்கிற தாள்களின் வழியாகவும் செஞ்சிச் சாலைக்கு வந்துவிட்டது.

நம் அரசாங்கத்தின் ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம் ஓவியத்துக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பேருக்கு மேல் இருந்தால். தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். ஓவியம், உடற்பயிற்சி, தையல் எல்லாம் சேர்த்து. அப்போது சம்பளம் மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. அவர்கள் போராடிக்கொண்டிருந்த செய்தியை நாம் பேப்பரில் படித்தோம், பக்கத்தைத் திருப்பினோம். ஒன்று முதல் ஐந்து வரை சட்டத்தில் ஓவிய ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. குழந்தை உண்மையிலேயே வரைகிற வயது அதுதான். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கிற பள்ளியில், முப்பது குழந்தைகளை முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார வைக்கிற எதுவும் வரப்பிரசாதம். சூரியகாந்தித் தாள் அந்தக் காரியத்தைச் செய்கிறது. பெற்றோர் தினத்தில் சுவரும் நன்றாக இருக்கிறது. எந்தக் குழந்தையுடையதும் அசிங்கமாக இல்லை.

சுவர் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சரித்திரம் முழுக்க ஓடுகிற இழை. பரீட்சையானாலும் பெற்றோர் தினமானாலும், குழந்தையின் படம் வேறு யாருக்கோ பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சரியான பதில் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் மதிப்பெண் போட முடியும். கிரேக்க மூக்கு, கரும்பலகைக் கிளி, வான்கோ பூ மூன்றும் ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள். இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், அப்படியானால் வான்கோவை எடுத்துவிட்டுக் கோலத்தையும் தெருக்கூத்துக் கிரீடத்தையும் வைத்துவிடலாமே என்றார். வைக்கலாம். அடுத்த வருஷம் அச்சடித்த கிரீடத் தாள் வரும். நாற்காலியில் யார் உட்கார்ந்தால் என்ன?

சரியான வழியும் சரித்திரத்திலேயே இருக்கிறது. பௌஹவுஸில் முதல் பாடத்தை அமைத்த யோஹன்னஸ் இட்டன் அடிப்படையில் ஒரு ஆரம்பப் பள்ளி வாத்தியார், அதற்குத்தான் அவர் பயிற்சி பெற்றிருந்தார். பழைய மேதைகளின் படத்தை மாணவர்களுக்குக் காட்டுவார். பிரதி எடுக்க விடமாட்டார். படத்துக்குள் ஓடுகிற அசைவு எது, எங்கே இறுக்கம், எங்கே விடுதலை, அதை மட்டும் கோடாகப் போடு என்பார். படத்தின் தோற்றம் ஓவியனுக்குச் சொந்தம். படத்துக்குள் அவன் பார்த்த விதம் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

இதை நம்பி, கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து கிராமம் ஒன்றின் ஆரம்பப் பள்ளியில் சில சனிக்கிழமைகள் உட்கார்ந்தேன். சூரியகாந்திப் படத்தின் ஒரு நல்ல அச்சு மட்டும் கையில். வெளிக்கோடு கிடையாது. ஓவியரின் பெயரைக்கூட முதலில் சொல்லவில்லை. பார்க்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது சுலபமில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண், “சார், இதுல பாதி செத்துப் போச்சு” என்றாள். இன்னொரு பையன் ஒத்துக்கொள்ளவில்லை. “சாவல சார். வெதைக்கு வுட்டிருக்காங்க” என்றான். அவன் சொன்னது சரி. 1888இல் ஆர்ல் நகரத்தில் வான்கோ எழுதிய அந்தப் படத்தில் பல பூக்கள் இதழ் உதிர்ந்து, விதை முற்றி, கனத்துத் தொங்குபவை. நான் அந்தப் படத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன். விதைக்கு விட்டது என்ற வார்த்தை எனக்குத் தோன்றியதில்லை. அதற்கு ஒரு விவசாயி வீட்டுக் குழந்தை வேண்டியிருந்தது.

பிறகு முற்றியது, விதைக்கு விட்டது, காய்ந்தது என்று ஏதாவது ஒன்றைப் பார்த்து வரையலாம் என்று மட்டும் சொன்னேன். அந்தப் பையன் ஒரு மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மேலே இலை ஒரு கைப்பிடிதான். கீழே வேரும் காயும் மண்ணும் தாளின் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டன. இடம் போதாமல் இன்னொரு தாளை ஒட்டினான். கரியும் செம்மண்ணும்தான் நிறம். இன்னொருத்தி படுகளத்தை வரைந்தாள். எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில், பதினெட்டாம் நாள் போருக்காக, மண்ணைக் குவித்து ஆள் உயரம்போலப் பல மடங்கு நீளத்துக்குத் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள். கண்ணும் மீசையும் வண்ணத்தில் எழுதுவார்கள். அன்று சாயந்திரத்துக்குள் அவன் மண்ணாகிவிடுவான். அவள் வரைந்தது திருவிழா முடிந்த மறுநாளை. முகம் கரைந்து, மீசை மட்டும் தரையில் மிச்சம். இரண்டு படங்களும் வான்கோவைப் போல இல்லை. ஆனால் வான்கோவிடமிருந்து வந்தவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தப் படங்களை அந்தப் பள்ளிச் சுவரில் ஒட்டவில்லை. எதைப் போலவும் இல்லாததால் என்னவென்று எழுதி ஒட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. சுவரில் ஒட்டினால் அடுத்த வாரம் இருபது மல்லாட்டைச் செடி வந்திருக்கும்.

நான் கல்வித்திட்டம் எதையும் முன்வைக்கவில்லை. திட்டமாக்கினால் அது தாளாகிவிடும். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பத்துப் பன்னிரண்டு பேராவது வரைகிறவர்கள். எல்லோருடைய ஊருக்குப் பக்கத்திலும் ஓவிய ஆசிரியர் இல்லாத ஒரு ஆரம்பப் பள்ளி இருக்கிறது. ஒரு நல்ல அச்சுப்படத்தை எடுத்துக்கொண்டு மாதத்தில் ஒரு நாள் போகலாம். பணிக்கரின் படம் கிடைத்தால் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டோடு சேர்த்து வைத்துப் பார்க்கச் சொல்லலாம். எங்கள் பக்கத்தில் போகிறவர்கள் சந்தானராஜின் கோடு ஒன்றையும் எடுத்துப் போனால், அவர் பிறந்த ஊரில் அவர் பெயரை முதலில் சொன்னவர்கள் ஒன்பது வயதுக் குழந்தைகளாக இருப்பார்கள். போனபின் அதிகம் பேசக்கூடாது. அதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கும்.